சங்க மலரில் அசரியா அத்தியட்சர் பக்கம்

அன்புள்ள ஊர்க்காரங்களுக்கு,

மலருக்கு அண்ணாச்சி அனுப்பிய வரைவைப் பார்த்தேன். வெள்ளாளன்விளை அசரியா அத்தியட்சருக்கு (பிஷப்) "ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர், 1912" என்று ஒரே வரி. நம்ம பக்கத்து ஊர் சபை ஐயர் (குருவானவர்) மகனுக்கு இது பத்தாது அண்ணாச்சி. அவர் அத்தியட்சராக இருந்த தோர்னக்கல்லுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கணும்.

ஒய்.எம்.சி.ஏ. செயலராக இருந்தபோது 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்ச் சபையார் சொந்தக் காசில் மிஷனெரி வேலை நடத்துவதைப் பார்த்தார். மறு வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் எழும்பியது. நம்ம ஆள், நம்ம பணம், நம்ம நிர்வாகம். துரைமார் பணம் கிடையாது. சங்கத்தின் வேலைக்களம் நிஜாம் ராஜ்யத்துத் தோர்னக்கல். 1909-இல் குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு இவரே அங்கே குடியேறினார். தெலுங்கும் படித்துக்கொண்டார்.

1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளை நேருக்கு நேர் பார்த்து, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டவர் இவர். கூடியிருந்தவர்களில் பலருக்கு முகம் சுண்டிப்போனது. அப்படிக் கேட்டவரையே அத்தியட்சராக்க மெட்ராஸ் அத்தியட்சர் ஒயிட்ஹெட் விடாப்பிடியாக நின்றார். ஓர் இந்தியனின் கீழ் வெள்ளைக்காரர் வேலை பார்ப்பதா என்ற முணுமுணுப்பையும் மீறி, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் நடந்தது.

அதற்கப்புறம் 32 வருஷம் கிராமம் கிராமமாக அலைந்தார். திருச்சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தெலுங்கு தலித் மக்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, "சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பார். அவர் காலத்திலேயே தோர்னக்கல் அத்தியட்சாதீனத்தில் (அத்தியட்சரின் கீழுள்ள பகுதி) இரண்டு லட்சத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள்.

மதமாற்ற விஷயத்தில் காந்திக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதை மலரில் மறைக்க வேண்டாம். கூடவே, கிறிஸ்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் தனித்தொகுதி வேண்டாம் என்று எதிர்த்தவரும் இவர்தான் என்று போடுங்கள்.

1945 ஜனவரி 1-இல் காலமானார். பல சபைகளை ஒன்றாக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்காக அவ்வளவு பாடுபட்டவர், 1947-இல் அது உருவானதைப் பார்க்கவில்லை.

ஹைதராபாத்தில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேலை. வாரங்கல் தாண்டி விஜயவாடா போகிற ரயில் பாதையில்தான் தோர்னக்கல் ஜங்ஷன். அவர் கட்டி 1939-இல் பிரதிஷ்டை செய்த பேராலயத்தில் கோவில் பாணித் தூணும் மசூதி மாதிரி கும்மட்டமும் சேர்ந்தே இருக்கும். உள்ளும் வெளியும் தெளிவாக நாலு படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.