மறைமுக ஆட்சி, ஆணைத் தலைவர்: நைஜீரியக் கட்டுரைக்குச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நைஜீரிய வரலாறு பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். உள்ளூர்த் தலைவர்களை வைத்தே பிரிட்டிஷார் ஆண்ட முறையான ‘இன்டைரக்ட் ரூல்’ என்பதற்கு ‘மறைமுக ஆட்சி’ என்று போட்டேன். எழுத எழுத இடிக்கிறது. 1903இல் வடக்கே கானோவும் சொக்கோட்டோவும் பிரிட்டிஷ் படையிடம் விழுந்த பிறகு, எதிர்த்த எமிரை (முஸ்லிம் அரசரை) நீக்கிவிட்டு அதே அரச குடும்பத்தில் ஒத்துவருபவரை உட்கார வைத்தார் பிரிட்டிஷ் ஆட்சியாளர் லுகார்டு. வரியும் வழக்கும் எமிர் கையில், பக்கத்திலேயே மேற்பார்க்க ஒரு பிரிட்டிஷ் அதிகாரி (ரெசிடெண்ட்). எஜமான் யாரென்று ஊருக்கே தெரியும். இதில் மறைவு எங்கே இருக்கிறது? ‘வழியாட்சி’ என்றால் சரிவருமா?

தெற்கே பிரிட்டிஷார் நியமித்த ‘வாரன்ட் சீஃப்’ என்பவர்களுக்கு ‘ஆணைத் தலைவர்’ என்று வைத்திருக்கிறேன். படைத்தளபதி போல ஒலிக்கிறது.

– கு.

——

தம்பி கு.,

மறைமுக வரியில் மட்டும் என்ன மறைந்திருக்கிறது? மறைமுகத் தேர்தல் எல்லோருக்கும் தெரிந்துதானே நடக்கிறது? ‘நேரடியாக இல்லாமல்’ என்ற பொருளில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது, பிடுங்க வேண்டாம். ‘வழியாட்சி’ என்றால் வழிவழியாக வரும் ஆட்சி என்றுதான் படிப்பார்கள்.

ஆணைத் தலைவர் பற்றி நீங்கள் சொல்வது சரி. ‘பட்டயத் தலைவர்’?

– அ. இரா.

——

ஐயா, பட்டயம் என்றால் செப்பேடு, மானியம், பரம்பரைப் பெருமை எல்லாம் கூடவே வந்து நிற்கும். தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ மக்கள் வாழும் பகுதியில் நடந்தது அதற்கு நேர் எதிர். ‘இக்போவுக்கு மன்னர் இல்லை’ என்பது அவர்களே சொல்லும் சொலவடை. பெரும்பாலான ஊர்களில் மூத்தோர், வயதுக் குழுக்கள், பெண்கள் கூட்டம் எல்லாம் பேசித்தான் முடிவெடுத்தார்கள். வடக்கே எமிர் ஏற்கெனவே இருந்தார்; இங்கே தலைவரையே உண்டாக்க வேண்டியிருந்தது. அதுவரை ஊரில் தனி மதிப்பு ஏதும் இல்லாத பலர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, ‘இனி நீ தலைவன், நீதிமன்றத்தில் உட்கார்’ என்றார்கள். அந்தத் தாளைத் தவிர அவர்களுக்கு வேறு அதிகாரம் கிடையாது.

அதனால் நான் சொல்வது ‘சீட்டுத் தலைவர்’. கொஞ்சம் இளக்காரமாக ஒலிக்கிறதே என்பீர்கள். ஒலிக்கட்டும், அந்த ஊர்க்காரர்களும் அவர்களை அப்படித்தான் பார்த்தார்கள். 1928இல் ஆண்களுக்கு வரி வந்தது. 1929 நவம்பரில் ஓலோக்கோ என்ற ஊரில் ஒக்குகோ என்ற சீட்டுத் தலைவரின் ஆள் வீடுவீடாகக் கணக்கெடுக்க வந்தபோது, இனி நமக்கும் வரிதான் என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். நுவான்யெருவா என்ற பெண் அவனோடு மல்லுக்கு நின்றாள். செய்தி பரவியதும் பெண்கள் திரண்டு ஒக்குகோ வாசலை மறித்துப் பாடி ஆடினார்கள். அவர்கள் கேட்டது அவருடைய பதவித் தொப்பியை! பிறகு அது ஊர் ஊராகப் பரவி நீதிமன்றங்கள் எரிந்தன; துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தலைவர் முறையே ஒழிந்தது. நம் வழக்கில் சொன்னால், சீட்டுக் கிழிந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ‘விதானையார்’ (ஊர் அலுவலர்) என்றால் உடனே விளங்கும், அவரும் அரசாங்கம் வைத்த ஆள்தான். ஆனால் அந்தச் சொல்லில் ஊர் மரியாதையும் ஒட்டியிருக்கிறது. இங்கே பொருந்தாது.

– ந.

——

அக்கா, எங்கள் ஊரில் சீட்டுத் தலைவர் என்றால் ஏலச்சீட்டு நடத்திவிட்டு ஓடிப்போனவர்!

இருந்தாலும் ‘ஆணை’யை விட இதுதான் பொருந்துகிறது. முதல் இடத்தில் மட்டும் ‘ஆங்கிலேயர் நியமனச் சீட்டுக் கொடுத்து அமர்த்திய தலைவர்’ என்று விரித்து எழுதிவிட்டு, அப்புறம் சீட்டுத் தலைவர் என்றே போடுகிறேன். மறைமுக ஆட்சி விஷயத்தில் ஐயா சொன்னபடியே. தொப்பிக் கதையைக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன்.

– கு.