புது வக்கீலுக்கு இண்டெம்னிட்டி பாலிசி தேவையா?

மதுரை ஜூனியர்: ஏஐபிஇ (அகில இந்திய பார் தேர்வு) பாஸ் பண்ணிவிட்டேன். சீனியர் ஆபீஸ் வேலையோடு, சொந்தமாகச் சில செக் பவுன்ஸ் கேஸ்களும் வருகின்றன. ஒரு ஏஜென்ட் புரொபஷனல் இண்டெம்னிட்டி பாலிசி (தொழில் தவறால் கட்சிக்காரர் கேட்கும் நஷ்ட ஈட்டுக்கான காப்பீடு) எடுக்கச் சொல்கிறார். 2024 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி வக்கீல் மேல் நுகர்வோர் வழக்கே போட முடியாதே, பிறகு எதற்கு?

பழைய பார்: தம்பி, அந்தத் தீர்ப்பு அடைத்தது நுகர்வோர் ஆணையத்தின் கதவை மட்டும்தான். அலட்சியத்தால் நஷ்டம் என்று கட்சிக்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். 1926ஆம் வருஷத்து வழக்கறிஞர் கட்டணச் சட்டம், பிரிவு 5 படித்துப் பாருங்கள். உங்கள் செக் கேஸையே எடுங்கள். செக் திரும்பிய விவரம் (ரிட்டர்ன் மெமோ) பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். கோர்ட்டில் புகார் தாமதமானால் மன்னிக்க வழி உண்டு, நோட்டீஸுக்கு அது இல்லை. 31ஆம் நாள் அனுப்பினால் அந்த 138 (செக் பவுன்ஸுக்கான சட்டப் பிரிவு) கேஸே நிற்காது. முதலில் தேதி குறிக்கும் டைரி, அப்புறம் பாலிசி.

கோவை வக்கீல்: எடுப்பதானால் இதைக் கவனியுங்கள் சார். இது பெரும்பாலும் க்ளெய்ம் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருந்தால்தான் பணம் தரும். எந்தத் தேதிக்குப் பிந்தைய வேலைக்குக் கவர் என்பதும் அதில் இருக்கும். ரினியூவலை விட்டால் பழைய வேலைக்கான பாதுகாப்பும் போய்விடும். தெரிந்தே செய்த மோசடிக்குக் கவர் கிடையாது.

மதுரை ஜூனியர்: சீனியர் வக்காலத்தில் என் பெயரும் இருக்கிறதே?

பழைய பார்: கையெழுத்துப் போட்டிருந்தால் கட்சிக்காரர் உங்களையும் சேர்க்கலாம். ஆபீஸுக்கு பாலிசி இருந்தால் ஜூனியர்களும் அதில் உண்டா என்று சீனியரிடமே கேளுங்கள்.