புதினா சாதம் கறுத்துப் போகுது, பச்சையா நிக்க என்ன பண்ணலாம்?

வளையல்காரி:
ஞாயித்துக்கிழமை நாத்தனார் குடும்பம், ஆபீஸ் பிரெண்ட்ஸ் எல்லாம் சேத்து 15 பேர் சாப்பிட வர்றாங்க, புதினா சாதம்தான் மெயின். ஆனா காலைல கிளறி வச்சா மதியத்துக்குள்ள நிறம் செத்துப்போய் பாசி மாதிரி ஆயிடுதுங்க. யாராச்சும் வழி சொல்லுங்களேன்

அடுப்படி அண்ணாச்சி:
புளி சேத்து அரைக்கிறீங்களா? புளிப்பும் சூடும் சேந்தா இலையோட பச்சை மங்கத்தான் செய்யும். புளிய விட்டுட்டு கடைசில எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க. இலைய கொதிக்கிற தண்ணில அரை நிமிஷம் போட்டு உடனே ஐஸ் தண்ணிக்கு மாத்தி அப்புறம் அரைங்க, மிக்ஸில ரெண்டு ஐஸ் கட்டியும் போடுங்க, ஜார் சூடானாலே நிறம் போயிரும். சாதத்த நல்லா ஆறவிட்டு கிளறுங்க.

கொங்கு மருமக:
அண்ணாச்சி சொல்றது சரிதான் ஆனா வதக்காத புதினால ஒரு பச்சை வாடை அடிக்குமே, எங்கூட்டுல அத யாரும் தொடமாட்டாங்க. நான் பாதிய எண்ணெய்ல சுருள வதக்கி மீதிய அப்படியே சேத்து அரைப்பேன். கொத்தமல்லி தண்டையும் போடுங்க, வாசமே அதுலதான் இருக்கு, எல்லாரும் கிள்ளிக் குப்பைல போடுறாங்க!!

மாடித்தோட்டம்:
கற்பூரவள்ளி இருந்தா பஜ்ஜி போடுங்க, பொடுசுங்க சாதத்தவிட அதத்தான் காலி பண்ணும். இலைய ஈரமில்லாம தொடைச்சிருங்க, இல்லன்னா எண்ணெய் தெறிக்கும்.

வளையல்காரி:
ஆமாங்க அண்ணாச்சி, புளி போட்டுத்தான் அரைப்பேன். பாதி வதக்கி பாதி பச்சையா பண்ணிப் பாக்குறேன். கற்பூரவள்ளி பக்கத்து வீட்டுத் தொட்டில நிறைய இருக்கு, அவங்களயும் சாப்பிடக் கூப்டுட்டா போச்சு :)