கட்டைவிரல் வைத்ததில் என் வளர்ப்பு எங்கே வந்தது?

கடைசிபெஞ்சு:
பெற்றோர் பக்க இழையில் பொன்மலையான் ஐயா நேற்று எழுதியது இது: "வாத்தியார் அனுப்பும் செய்திக்குக் கட்டைவிரல் காட்டுகிறவன் ரோட்டோரம் நின்று லாரியை மறிக்கிறவன் மாதிரி. வளர்ப்பு அப்படி." அங்கேயே பதில் எழுதினால் இழை திசைமாறுகிறது என்று மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார். அதனால் தனி இழை.

ஐயா, லாரியை மறித்தவன் நான்தான். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஞாயிறு இரவு 10:47-க்கு எங்கள் ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில், நாளை ரெக்கார்டோடு 8 மணிக்கே லேபுக்கு வந்துவிடுங்கள் என்று போட்டார். மெசேஜை அழுத்திப் பிடித்துக் கட்டைவிரல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் 62 பேர் முன்னால் எழுப்பி, "நான் என்ன உன்னோடு டீ குடிக்கிறவனா?" என்றார். ரெக்கார்டில் கையெழுத்து வியாழக்கிழமைதான் கிடைத்தது. சரி, அவர் கோபம் அவருக்கு. நீங்கள் எதற்கு என் அப்பா அம்மாவை இழுக்கிறீர்கள்?

பொன்மலையான்:
தம்பி, நான் யார் பெயரையும் எழுதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது.

31 வருடம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவன் நான். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மெசேஜை அழுத்திப் பிடித்தால் ஆறு படம் வரிசையாக வருகிறது. கட்டைவிரல், இதயம், சிரிப்பு, ஆச்சரியம், கண்ணீர், கடைசியில் கும்பிடும் கை. கும்பிடும் கை அங்கேயே இருக்கிறது. இரண்டு அங்குலம் விரலை நகர்த்தியிருந்தால் போதும். ஏன் நகர்த்தவில்லை?

ரவுண்டானா:
இரண்டு அங்குலமா? ஐயா போனில் பார்க்கிறாரா, டிவியில் பார்க்கிறாரா?

சாக்பீஸ்:
நான் பள்ளிக்கூட டீச்சர். எட்டாம் வகுப்புப் பெற்றோர் குரூப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2022 மே மாதம் இந்த ரியாக்‌ஷன் வசதி வருவதற்கு முன்னால், ஒரு அறிவிப்பு போட்டால் நாற்பது "ஓகே மிஸ்" வரும். நாற்பது முறை எல்லார் போனும் அடிக்கும். யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போவார், அவரைத் திரும்பச் சேர்ப்பது தனி வேலை. இப்போது கட்டைவிரல் வைத்தால் எனக்கு மட்டும்தான் தெரிவிப்பு வருகிறது. அதைத் தொட்டால் யார் யார் வைத்தார்கள் என்று பெயரோடு தெரிகிறது, வருகைப் பதிவேடு மாதிரி. மரியாதைக் குறைவாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்காததும் மரியாதைதானே?

பொன்மலையான்:
மேடம், பெற்றோர் உங்களுக்கு வைப்பது வேறு, மாணவன் ஆசிரியருக்கு வைப்பது வேறு. வேண்டுமானால் பெயர்ப் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? கும்பிடும் கையைத் தொட்டாலும் அதே பட்டியல்தானே வரும்? அதனால்தான் கேட்கிறேன். ஆறாவது படம். ஏன் தொடவில்லை? ஏகலைவன் கட்டைவிரலையே வெட்டிக் கொடுத்தான். இவர்களுக்கு அதன் படத்தைக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது.

ரவுண்டானா:
ஏகலைவனுக்கு ஒரு வகுப்புகூட எடுக்காமல் ஃபீஸ் மட்டும் வாங்கினார் துரோணர். அந்தக் கல்லூரியை எதற்கு உதாரணம் காட்டுகிறீர்கள்?

தனித்தமிழ்வேலன்:
வாட்ஸ்அப், குரூப், மெசேஜ், ரியாக்‌ஷன். இழை முழுக்க ஒரு வரிகூட உருப்படியாக இல்லை. புலனம், குழு, செய்தி, எதிர்வினை என்று எழுதினால் கை வலிக்குமா? மரியாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் மொழிக்கு மரியாதை கொடுங்கள்.

கடைசிபெஞ்சு:
வேலன் அண்ணா, புலனம் என்று சொன்னால் எங்கள் வகுப்பில் ஒருத்தனுக்கும் புரியாது. அது அப்புறம்.

பொன்மலையான் ஐயா, எழுத்தில் பதில் போடுவதுதான் மரியாதை என்று அன்றைக்கே அந்தக் குரூப்பில் நிரூபித்தார்கள். "ஓகே சார்", "நோட்டட் சார்", "ஷ்யூர் சார்", "தேங்க்யூ சார்" என்று ஐம்பதுக்கு மேல். நடுவில் 11:15-க்கு அவரே "லேப் இல்லை, செமினார் ஹால்" என்று திருத்திப் போட்டார். அது மரியாதைக்குள் புதைந்துபோனது. காலையில் மூன்று பேர் பூட்டிய லேப் வாசலில் நின்றார்கள். மூவரும் முந்தின இரவு "நோட்டட் சார்" போட்டவர்கள்.

கும்பிடு ஏன் வைக்கவில்லை என்றால், எங்கள் குடும்பக் குரூப்பில் சாவுச் செய்திக்கு வைப்பது அதுதான். கிரகப்பிரவேசத்துக்கும் அதுதான், தேங்காய் விலைக்கும் அதுதான். பெரியப்பா ஒரு தடவை இறப்புச் செய்திக்குக் கட்டைவிரல் வைத்துவிட்டார். யாரும் அவருடைய வளர்ப்பைக் கேட்கவில்லை, கண்ணாடி எங்கே என்றுதான் கேட்டார்கள்.

கட்டைவிரல் என்றால் "சரி". கனடாவில் கோர்ட்டே சொல்லிவிட்டது. சாஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு விவசாயிக்குத் தானிய வியாபாரி ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அவர் கட்டைவிரல் போட்டார், ஆனால் சரக்கை அனுப்பவில்லை. அந்த விரல் கையெழுத்துக்குச் சமம் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். நீதிபதிக்குப் புரிந்தது நம் ஹெச்.ஓ.டி.க்குப் புரியவில்லை.

பொன்மலையான்:
நீங்களே வலையில் விழுந்துவிட்டீர்கள் தம்பி. அந்த வழக்கை நானும் படித்தேன். விவசாயி கோர்ட்டில் என்ன சொன்னார்? "ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்பதற்காகத்தான் விரல் போட்டேன், சம்மதம் சொல்லவில்லை" என்றார். போட்டவர் ஒன்று நினைத்தார், வாங்கியவர் வேறு ஒன்று நினைத்தார். அர்த்தம் கெட்ட படம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கும்பிடும் கைக்காக யாராவது கோர்ட்டுக்குப் போனார்களா?

கடைசிபெஞ்சு:
ஐயா, அவர் தோற்றுவிட்டார். தோற்றவர் வாதத்தை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்.

பொன்மலையான்:
தோற்றால் பொய் என்று ஆகிவிடுமா? நல்லவர்களும் தோற்பார்கள்.

ரவுண்டானா:
என்ன சரக்கு அது?

கடைசிபெஞ்சு:
ஃபிளாக்ஸ். 87 டன்.

சாக்பீஸ்:
ஆளி விதை. கொழுப்புக்கு நல்லது என்று என் கணவருக்குத் தினமும் பொடித்துக் கொடுக்கிறேன்.

பொன்மலையான்:
அதற்கு அலிசி விதை என்று பெயர். நாட்டு மருந்துக் கடையில் ஆளி என்றால் முழிப்பார்கள்.

தனித்தமிழ்வேலன்:
ஆளி விதைதான் சரி. திருச்சி பெரிய கடைவீதியில் ஆளி என்று கேட்டுத்தான் வாங்குகிறேன், யாரும் முழிக்கவில்லை. தெரியாததை அடித்துச் சொல்வது உங்களுக்குப் பழக்கம். விடுதி மெஸ் இழையில் ரசத்தைப் பற்றி நான் எழுதியதைப் புகார் செய்து நீக்க வைத்தது யார் என்றும் எனக்குத் தெரியும்.

பொன்மலையான்:
நீக்கியது மட்டுறுத்துநர். என்மேல் போடாதீர்கள். நீங்கள் அன்று எழுதியதில் ரசம் ஒரு வரி, மீதி எல்லாம் என் வயதைப் பற்றி.

விஷயத்துக்கு வருகிறேன். கும்பிடக் கை வரவில்லை, போகட்டும். படித்தார்களா என்பதாவது அனுப்பியவருக்குத் தெரிய வேண்டாமா? இந்தக் காலப் பிள்ளைகள் நீலக்குறியையும் அணைத்துவிடுகிறார்கள். என் பேத்தியே செய்கிறாள். அந்த ஹெச்.ஓ.டி.க்கு அன்று இரவு நீலம் வந்திருக்காது. ஒருவனும் படிக்கவில்லை என்று நினைத்திருப்பார். கோபம் வராதா?

சாக்பீஸ்:
ஐயா, நீலக்குறியை அணைத்து வைத்தாலும் குரூப்பில் அது செல்லாது. தனி அரட்டைக்கு மட்டும்தான். இன்னொன்று, குரூப்பில் எல்லாரும் படித்தால்தான் நீலமாகும். ஒருவர் போனை அணைத்துவிட்டுப் படுத்தால் காலைவரை சாம்பல் நிறம்தான். நம் செய்தியை அழுத்தி விவரத்துக்குள் போனால் யார் யார் படித்தார்கள் என்று வரும்.

பொன்மலையான்:
என் போனில் அப்படி வருவதில்லை.

சாக்பீஸ்:
நீங்கள் அனுப்பிய செய்தியில்தான் வரும் ஐயா. அடுத்தவர் செய்தியில் வராது.

பொன்மலையான்:
நான் அனுப்பியதில்தான் பார்த்தேன். வரவில்லை.

ரவுண்டானா:
காலை வணக்கம் ரோஜாப்பூவில் பார்த்திருப்பார். அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

பொன்மலையான்:
ரவுண்டானா, உங்கள் கிண்டலுக்கு நான் பதில் சொல்வதில்லை என்று இரண்டு வருடம் முன்பே முடிவு செய்துவிட்டேன். ரோஜா அனுப்புவது நம்மை ஒருவர் நினைக்கிறார் என்று காட்ட. அதற்கும் கட்டைவிரல் வைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ரவுண்டானா:
பதில் சொல்லாததற்கு நன்றி. இந்த இழையில் சாக்பீஸ் மேடம் போட்ட முதல் பதிவுக்குக் கீழே உங்கள் பெயரில் ஒரு விருப்பக்குறி இருக்கிறதே. அதில் என்ன படம் ஐயா?

பொன்மலையான்:
அது இந்தத் தளம் கொடுத்த பொத்தான். வேறு படம் இல்லாததால் அழுத்தினேன். கை தவறியும் பட்டிருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆறு இருந்தது. ஆறு. தம்பி, நீங்கள் கோர்ட் சொன்னீர்கள், பெரியப்பா சொன்னீர்கள், தேங்காய் விலை சொன்னீர்கள். ஹெச்.ஓ.டி. செய்திக்கு ஆறாவது படத்தை ஏன் தொடவில்லை என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

கடைசிபெஞ்சு:
சொல்லியாகிவிட்டது ஐயா, மேலே படியுங்கள். வளர்ப்பு என்று எழுதியதை நீங்கள் எப்போது எடுப்பீர்கள்? அதற்கும்தான் பதில் வரவில்லை. எனக்கு 2 மணிக்கு லேப்.

பொன்மலையான்:
லேபுக்குப் போய்விட்டு வாருங்கள். இரவு 9 வரை ஆன்லைனில்தான் இருப்பேன்.

தனித்தமிழ்வேலன்:
இயங்கலையில்.