டயாலிசிஸ் அறையில் என்னால் ஜெபிக்க முடியவில்லை

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்கு 41 வயது. சென்ற ஆடி மாதம் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், வண்டியை விற்றுவிட்டோம். சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம், "கர்த்தர் உங்கள் விசுவாசத்தைப் புடமிடுகிறார்" என்கிறார்கள். எனக்கோ விசுவாசம் கூடியதாகவே தெரியவில்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை வருவதில்லை, அழுகைகூட வருவதில்லை. பாடுகளால் விசுவாசம் பலப்படும் என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வசனம் எனக்கும் தெரியும்.

பதில் 1: தூத்துக்குடியிலிருந்து ஒரு சகோதரர்

சகோதரி, வசனம் தெரியும் என்கிறீர்கள். ஆனாலும் ரோமர் 5-இல் உள்ள வரிசையை ஒருமுறை பாருங்கள்: "உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது." நம்பிக்கை கடைசியில்தான் வருகிறது. பொறுமை என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு, பாரத்தின் கீழேயே நிலைத்திருப்பது என்று பொருள். நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். ஓடிப்போகவில்லையே.

பதில் 2: நாசரேத்திலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியை

அன்புத் தங்கைக்கு, என் வீட்டுக்காரர் ஆறு வருடம் டயாலிசிஸில் இருந்தார். 2016-இல் கர்த்தரிடம் போய்விட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அற்புத சாட்சி என்று எண்ணி நீங்கள் வாசித்துவிடக் கூடாது.

முதல் வருடம் நான் செய்தது ஜெபம் அல்ல, பேரம். சிறுநீரகம் பொருந்தினால், சபையில் எல்லாருக்கும் சாப்பாடு போடும் அசனப் பண்டிகைக்கு ஒரு மூட்டை அரிசி என்று பொருத்தனை செய்தேன். என் ரத்தப் பிரிவு பொருந்தவில்லை. தம்பி தருவதாகச் சொல்லிப் பின்வாங்கினான்; அவனுக்கும் சிறுபிள்ளைகள், நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 800 மில்லி தண்ணீர்தான் குடிக்கலாம் என்றார்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் மாலை நான்கு மணிக்கே பாட்டில் காலியாகிவிடும். அவர் வாய் கொப்பளித்து, ஒரு சொட்டும் விழுங்காமல் முற்றத்தில் துப்புவார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி ஸ்தோத்திரம் சொல்வது?

ஒரு வியாழக்கிழமை, அவர் உள்ளே இருக்க, நான் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிறுத்தத்துத் திண்ணையில் உட்கார்ந்து, "நீர் என்னை ஏமாற்றிவிட்டீர்" என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகு உடம்பு நடுங்கியது. ஆனால் பதினான்கு மாதத்தில் நான் கர்த்தரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். இல்லாத ஒருவரிடம் யாரும் சண்டை போடுவதில்லை, தங்கையே. எனக்கு விசுவாசம் திரும்பிய இடம் அந்தத் திண்ணை.

வேதத்தில் இதற்கு இடம் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. யோபு அத்தனை வழக்காடியும், கடைசி அதிகாரத்தில் தேவன் கோபித்தது அவனுக்கு விளக்கம் சொன்ன சிநேகிதர்மேல்தான். ஆகவே விசுவாசக் குறைவால்தான் வியாதி என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.

என் வீட்டுக்காரரின் இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்த இடம், வைத்திருந்தார்கள். அது அடைபடாமல் இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தூங்கப் போகுமுன் இரண்டு விரலை மணிக்கட்டுக்கு மேலே வைப்பேன். தோலுக்கு அடியில் வண்டு ரீங்கரிப்பதுபோல ஓர் அதிர்வு இருக்கும். "இன்றைக்கும் ஓடுகிறது, ஆண்டவரே" என்பேன். அந்த ஐந்து வருடமும் என் இராஜெபம் அவ்வளவுதான். குணமாக்கும் என்று கேட்பதை நான் நிறுத்தவில்லை. ஆனால் கொடுத்தால்தான் நம்புவேன் என்பது எந்த நாளில் என்னைவிட்டுப் போனதோ, எனக்கே தெரியாது. அவரை அடக்கம் செய்த அன்று அழுதேன், கோபப்பட்டேன். கைவிடப்பட்டேன் என்று மட்டும் தோன்றவில்லை.

இன்னொன்று. சபையார் வந்தால் வசனம் வேண்டாம், ஒரு நாள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பதிலாக உட்காருங்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால் அதற்கும் ஒருவரை அலையச் சொல்லுங்கள். டயாலிசிஸ் அதில் உண்டு.

பதில் 3: களக்காட்டிலிருந்து ஒரு சகோதரர்

எங்கள் ஊருக்குப் பக்கத்து டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் களக்காட்டில்தான் குழியில் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். அத்தனை பேர் ஜெபித்தும் பழையபடி நடமாட முடியவில்லை. கட்டிலில் இருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். டீச்சரம்மா சொல்வதைப் படித்ததும் அவர் நினைவுதான் வந்தது.

மீண்டும் கேள்வி கேட்டவர்

டீச்சரக்கா, நேற்று அவர் படுக்கைக்குப் பக்கத்தில் 13-ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனங்களை மட்டும் வாசித்தேன். அதற்குமேல் வாசிக்க மனம் வரவில்லை. அவர் கண்ணை மூடியபடியே, "அதையே இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். இரவில் தோல் அரிப்பால் அவருக்குத் தூக்கமே இல்லை. உங்கள் வீட்டில் அண்ணனுக்கும் இப்படி இருந்ததா? டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.