ஃப்ளாக் என்றால் மந்தையா? சேணத்து மெத்தைக்குள் நிரப்புவதற்கு ஒரு சொல்

வணக்கம்.

பழைய குதிரைச் சேணங்களைச் செப்பனிடும் கையேடு ஒன்று தமிழாகிறது. ஆங்கில வகைச் சேணத்தின் அடியில், முதுகெலும்புக்கு இடமும் வலமுமாக இரண்டு மெத்தைகள் உண்டு. அதைப் பேனல் என்பார்கள். உள்ளே நிரப்புவது ஃப்ளாக். முதல் வரைவில் பேனல் ‘பலகை’ ஆகியிருக்கிறது, ஃப்ளாக் அதன் இன்னொரு பொருளில் ‘மந்தை’ ஆகியிருக்கிறது. “பலகைக்குள் புதிய மந்தையை நிரப்பவும்” என்று படிப்பவர் ஊசியை எடுக்கமாட்டார், ஆட்டுப்பட்டியைத்தான் தேடுவார்.

ஃப்ளாக்கிற்குப் ‘பஞ்சு’ போதுமா?

*

> ஃப்ளாக்கிற்குப் ‘பஞ்சு’ போதுமா?

போதாது. பஞ்சு என்று எழுதினால் ஒருவர் நம்பிப் பஞ்சையே வைத்துவிடுவார். பருத்திப் பஞ்சு வியர்வையை நீராகவே உறிஞ்சிக்கொள்ளும், மெல்லக் காயும், அழுந்தினால் அப்படியே படிந்துவிடும். இலவம்பஞ்சு தண்ணீரை ஏற்காது என்பது உண்மை. ஆனால் அதன் இழை மெல்லிய சுவருள்ள வெற்றுக்குழல். ஏறி உட்காரும் எடையில் நொறுங்கித் தூளாகும்.

ஃப்ளாக்காகப் பெரும்பாலும் வைப்பது ஆட்டுமயிர். அது அப்படியல்ல. இழையிலேயே இயற்கையான நெளிவு உண்டு, அதுதான் வில். அழுத்தி விட்டால் எழும். தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை ஆவியாக உள்வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இதற்கு மிக மென்மையான மெரினோ ஆட்டு மயிர் வேண்டாம். இழை மெலிந்திருந்தால் சீக்கிரம் இறுகிக் கம்பளத் தகடுபோல ஆகும். கொஞ்சம் தடித்த, நெளிவு மிகுந்த, 5 முதல் 8 செ.மீ. நீளமுள்ள இழையே நல்லது. பழைய பின்னலாடைகளைக் கிழித்துச் செய்த மலிவுச் சரக்கில் இழை குட்டை. அது உருண்டு உருண்டு திரளையாகும். சாம்பல், பழுப்பு நிறக் கலவைகளில் செயற்கை இழையும் கலந்திருக்கலாம். ஒரு துளியைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தானே அணைந்து, நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகும். பஞ்சு காகிதம்போல எரிந்துபோகும்.

*

‘பஞ்சு’ வேண்டாம் என்பதற்கு மொழியிலேயே சான்று இருக்கிறது. பஞ்சசயனம் என்று ஐவகை மெத்தையை எண்ணும்போது இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி என்பார்கள். மயிரைப் பஞ்சுக்குள் அடக்கவில்லை, தனியாகவே எண்ணினார்கள். மெத்தைக்குள் மயிர் போகலாம் என்பது நமக்குப் புதிதும் அல்ல.

எளிமையாகத் ‘திணிப்பு’ என்று வைத்துவிடலாமே?

*

> எளிமையாகத் ‘திணிப்பு’ என்று வைத்துவிடலாமே?

ஐயா, மன்னிக்கவும், இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறின் பெயரே திணிப்பு. செய்முறையைச் சொல்கிறேன், சொல் தானே தெரியும்.

சேணத்தின் முன்னும் பின்னும் உள்ள தையலை அவிழ்த்து மெத்தையைக் கழற்றவேண்டும். சேணத்துக்கு உருவம் தரும் உட்சட்டத்தைப் பார்த்திருக்கும் மேற்பக்கத்தில் நீளவாட்டில் கீறல்கள் இருக்கும். அவற்றின் வழியாகப் பழையதைக் கொக்கியால் இழுத்து எடுத்து, இடம், வலம் இரண்டையும் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை வேறுபட்டால் சேணம் ஒருபக்கம் சாய்ந்து கிடந்திருக்கலாம். புதியதை நிறுத்து வையுங்கள், கண்ணளவு இங்கே ஏமாற்றும். உறைத் துணியோ தோலோ இற்றுப்போயிருந்தால் முதலில் அதை மாற்றவேண்டும். இற்ற உறை எந்த நிரப்பலையும் தாங்காது. காய்ந்த தோலுக்கு எண்ணெய் விடுவதானால் மெத்தை காலியாக இருக்கும்போதே விட்டு ஊறவிடுங்கள். பிறகு விட்டால் எண்ணெய் உள்ளே இறங்கி மயிரைக் கட்டியாக்கும்.

பிறகு பன்னுதல். பஞ்சு பன்னுவது என்று பழைய வினை ஒன்று இருக்கிறதே, அதுதான் இங்கே நடப்பது: விரலால் பிய்த்துப் பிய்த்து, ஒரு முடிச்சும் இல்லாமல் நொய்தாக்குவது. பிடி பிடியாக வைத்தால் ஒவ்வொரு பிடியும் ஒரு கல்லாகும். இரண்டு விரல் கிள்ளும் அளவே எடுத்து, நுனி பிளந்த இரும்புக்கோலால் கீறலிலிருந்து தொலைவான மூலைகளுக்கு முதலில் அனுப்பவேண்டும். முன்முனை, பின்முனை, அப்புறம்தான் நடு. நடுவை முதலில் நிரப்பினால் முனைக்கு வழி அடைபடும், முனைகள் காலியாகவே நின்றுவிடும். மேடு பள்ளம் தெரிந்தால் வெளியிலிருந்து குத்தூசியை உறை வழியே நுழைத்து இழைகளை நகர்த்திச் சீர்செய்யலாம்.

அதிகம் திணித்தால் மெத்தை உருளையாகும். உருளை குதிரையின் முதுகில் ஒரு கோட்டில் மட்டும் பதியும், எடை முழுவதும் அந்தக் கோட்டில் இறங்கும். குறைத்தால் சட்டமே முதுகில் உறைக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கி எழவேண்டும், அடியில் சட்டத்தின் விளிம்பு தட்டக்கூடாது. இரண்டு மெத்தைக்கும் நடுவே உள்ள வாய்க்கால் முதுகெலும்பைத் தொடாமல் முழு நீளத்துக்கும் திறந்திருக்கவேண்டும். புதிய நிரப்பல் எப்படியும் படியும். அதனால் சில வாரச் சவாரிக்குப் பின் திறந்து சரிசெய்வது வேலையின் ஒரு பகுதி, பழுது அல்ல.

இத்தனை மென்கைப் பக்குவத்துக்குத் ‘திணிப்பு’ என்று பெயர் வைப்பது நியாயமா?

*

அப்படியானால் ‘பொதியிழை’? பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். வன்மை இல்லை. மறுமுறை நிரப்புவது ‘மறுபொதிவு’.

*

> அப்படியானால் ‘பொதியிழை’?

வேறு எந்தத் துறையாக இருந்தாலும் உடனே ஏற்றிருப்பேன். குதிரையின் முதுகில் மட்டும் வேண்டாம். பொதிக்குதிரை, பொதிமாடு என்றால் சுமை தூக்குவது. சுமை ஏற்றும் சேணத்தைப் பொதிச்சேணம் என்று நாளைக்கு எழுதத்தான் போகிறோம். அப்போது பொதியிழை என்பது சுமையைக் கட்டும் கயிறாகத் தெரியும்.

தலையணை, பஞ்சணை வழியில் போகலாம். தலைக்குக் கீழ் தலையணை, சேணத்துக்கு அடியில் அடியணை. இது பேனலுக்கு. உள்ளே போவது அணையிழை. நீர் தேக்கும் அணையோடு குழம்பாது, ‘இழை’ காப்பாற்றிவிடும். கீறலை நிரப்புவாய் என்றும், கோலை நிரப்புகோல் என்றும் சொல்லலாம். ஃப்ளாக்கிங் என்ற வேலைக்குத் தனிச்சொல் தேவையில்லை, ‘அணை நிரப்பல்’ போதும். இடையில் திறந்து சரிசெய்வது ‘அணை திருத்தல்’.

*

அணையிழை நன்று. ஒரு பொருளோடு கட்டிப்போடாதது இதன் நயம். கம்பளி அணையிழை, குதிரைமயிர் அணையிழை என்று பிரித்துச் சொல்லலாம். குதிரைமயிரை நேராக வைத்தால் நுனி உறையைத் துளைத்து வெளியே குத்தும். கயிறாக முறுக்கி, கொதிக்கவைத்து, உலர்த்தி, பிறகு பிரித்து எடுத்தால் நிலையான சுருள் கிடைக்கும். இதைக் கையேட்டில் ‘சுருள்மயிர்’ என்று சொன்னால் தெளிவு. வில்தன்மை கம்பளியைவிடக் கூடுதல், மென்மை குறைவு.

ரை என்னும் தானியத்தின் வைக்கோல் பற்றிய பத்தியில் மட்டும் அணையிழை வேண்டாம். வண்டிக்குதிரையின் கழுத்துப்பட்டைக்குள் அதை நீளத் தண்டாக, இறுக்கி இறுக்கி அடைப்பார்கள். உருவம் குலையாமல் நிற்பதற்காக அது. அங்கே ‘திணிப்பு’ பொருந்தும்!

*

நன்றி. வரைவில் மாற்றிவிட்டேன். சேணத்தின் உட்சட்டமான ‘ட்ரீ’ இன்னும் ‘மரம்’ என்றே நிற்கிறது. உருக்குப் பட்டை வைத்தவையும் நெகிழியில் வார்த்தவையும் இருப்பதால் ‘சேணச்சட்டம்’ என்று வைக்கிறேன், மறுப்பிருந்தால் எழுதுங்கள். முதலில் சிரிப்பு வரவைத்த வரி இப்போது இப்படி: “அணையிழையைப் பன்னி, இடவலம் நிறுத்து, நிரப்புவாய் வழியாக அடியணையின் முனைகளை முதலில் நிரப்பவும்.”