ஆல்டோ கே10: ஷார்ட் ஷிஃப்டரா, கியர் ராடை உயர்த்தணுமா?

வலதுகால்பிரேக்:
வண்டி 2012 ஆல்டோ கே10. ஆறடிக்கு மேல உயரம்ங்கிறதால சீட் கடைசி நாட்ச்ல. 1, 3, 5 போடும்போது முழங்கை முழுசா நீண்டு, முதுகு சீட்டை விட்டு எழும்புது. டவுன் டிராஃபிக்ல இடது தோள் பிடிச்சுக்குது. ஃபர்ஸ்ட் கியர் வேற கொஞ்சம் டைட். ஆன்லைன்ல "கைவீச்சு குறையும்"னு ஷார்ட் ஷிஃப்டர் விக்கிறாங்க. அதுவா, இல்ல நாப் (ராடு தலையில இருக்கிற கைப்பிடி) அடியில வைக்கிற எக்ஸ்டென்ஷனா? லேத்ல செய்யலாம்னா அளவும் சொல்லுங்க.

நெம்புகோல்:
ஷார்ட் ஷிஃப்டரை மறந்துடுங்க. தோள் வலிக்கு அது இன்னும் கெடுதல். கேபிள் டைப் வண்டியில (ராடு அசைவை கேபிள் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோற வகை) கணக்கு இதுதான்: பிவட்டிலிருந்து, அதாவது ராடு ஆடுற அச்சுப்புள்ளியிலிருந்து, நாப் வரை 240 மிமீ, பிவட்டிலிருந்து கேபிள் பின் வரை 60 மிமீன்னு வைங்க (உங்க வண்டியை அளந்துக்கங்க). விகிதம் 4. ஷார்ட் ஷிஃப்டர் அந்த 60-ஐ 80 ஆக்கும். விகிதம் 3 ஆகி வீச்சு 25 சதவீதம் குறையும், ஆனா கை கொடுக்கிற பலம் 33 சதவீதம் கூடும். உள்ளே இருக்கிற சிங்க்ரோவுக்கு (கியர் விழுறதுக்கு முன்னாடி வேகத்தைச் சமன் செய்ற வளையம்) வேலை குறையாது, உங்க கைக்குத்தான் கூடும்.

அதுக்குப் பதிலா ராடை 40 மிமீ உயர்த்தினா 280/60. பலம் 14 சதவீதம் குறையும், வீச்சு 17 சதவீதம் கூடும். இங்கதான் பலர் ஏமாறுறது: முதல் கியருக்கும் ரெண்டாவதுக்கும் இடையில நாப் 130 மிமீ நகருதுன்னா இனி 152 நகரும். அதாவது ஃபர்ஸ்ட்ல நாப் இன்னும் 11 மிமீ முன்னால போகும். நேரா உயர்த்தினா மட்டும் உங்க எட்டாக்கை தீராது. உயரத்தோட 25, 30 மிமீ பின்பக்கச் சாய்வும் வேணும்.

கிரீஸ்டப்பா:
லேத்துக்குப் போறதுக்கு முன்னாடி அந்த டைட்டைக் கண்டுபிடிங்க சார். டைட்டா இருக்கிற ராடை நீட்டினா நோய் மறையும், போகாது.

இன்ஜின் ஆஃப், கிளட்ச் மிதிச்சு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. லேசா விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடிச்சா லிங்க்கேஜ் (ராடு, கேபிள் இணைப்பு) குற்றமில்லை, கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். உறுதிப்படுத்த: ஐடிலிங்ல கிளட்சை முழுக்க மிதிச்சு மூணு நாலு செகண்ட் நிறுத்தி ரிவர்ஸ் போடுங்க. கர்ருன்னு கத்தினா கிளட்ச் இழுக்குது.

ஆஃப்லயும் டைட்னா, கியர்பாக்ஸ் பக்கம் ரெண்டு கேபிளோட கண்ணையும் (முனை வளையம்) கழட்டிட்டு ராடை ஆட்டிப் பாருங்க. அப்பவும் கனமா இருந்தா கேபிள் அல்லது ராடு பேஸ். ராடு லேசாகி, பாக்ஸ் லிவர் மட்டும் கையால தள்ள கனமா இருந்தா உள்விவகாரம். அதுல முதல்ல பார்க்க வேண்டியது கியர் ஆயில். மேனுவல்ல போட்ட கிரேடையே போடுங்க. ஜிஎல்-4 கேட்டிருக்கிற இடத்துல ஜிஎல்-5 ஊத்தினா, அதுல இருக்கிற கந்தக அடிடிவ் பித்தளை சிங்க்ரோ வளையத்தை நாளாவட்டத்துல அரிக்கும்.

முன்னும் பின்னும் கனமா இருந்தா ஷிஃப்ட் கேபிள். இடவல வாட்டத்துல கேட் (கியர் விழுற வரிசை) தேட வேண்டியிருந்தா செலக்ட் கேபிள், பெரும்பாலும் அதன் கண்ணுல இருக்கிற பிளாஸ்டிக் புஷ் விரிசல். துரு இளக்குற ஸ்ப்ரேயை கேபிளுக்குள்ள அடிக்காதீங்க. இருக்கிற கிரீஸைக் கழுவிட்டுப் போயிடும், ரெண்டு வாரத்துல மண்ணு சேரும். பிவட் பந்துக்கு சிலிகான் கிரீஸ் பட்டாணி அளவு போதும்.

கோவைலேத்:
எக்ஸ்டென்ஷன் அளவு. முதலில் நாப்பைக் கழற்றி மரையைப் பாருங்கள். எம்12×1.25, எம்10×1.25, எம்10×1.5 மூன்றும் புழக்கத்தில் உள்ளன. சும்மா ஒரு நட்டை விரலால் ஏற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு சுற்றில் இறுகினால் அது தப்பான பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்). ஸ்பேனர் போட்டு ஏற்ற வேண்டாம்.

25 மிமீ ரவுண்டு பார், எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) போதும். உடல் நீளம் 40 மிமீ. மேலே அதே மரையில் 18 மிமீ ஸ்டட். அடித்துளையை நேராகப் போடாமல் அச்சுக்கு 20 டிகிரி சாய்த்துப் போடச் சொல்லுங்கள், ஆழம் 18. எம்12×1.25 டேப்புக்கு 10.8 டிரில், எம்10×1.25 என்றால் 8.8. சாய்வுத்துளையை மையத்தில் தொடங்கினால் எம்12 மரை கடைசியில் பக்கவாட்டுச் சுவரைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். எனவே 3 மிமீ தள்ளித் தொடங்க வேண்டும். நாப் மையம் மரைக்கு மேலே 40 மிமீ என்றால், இதனால் கை ஏறக்குறைய 35 மிமீ உயர்ந்து 27 மிமீ பின்னால் வரும்.

சாய்வு சரியாக டிரைவர் பக்கம் பின்னோக்கி நிற்க, அடியில் மெல்லிய லாக் நட் கட்டாயம். நட் போக ராடு மரை குறைந்தது 10 மிமீ உள்ளே ஏற வேண்டும். நீலநிற த்ரெட் லாக்கர் இரண்டு சொட்டு விடுங்கள். சாய்வு இருப்பதால் இடவலமாகத் தள்ளும் ஒவ்வொரு முறையும் ராடைத் திருகும் விசை வரும். பசை இல்லாவிட்டால் நாப் மெல்லத் திரும்பிக்கொண்டே போகும். இறுக்கும்முன் 2, 4, ரிவர்ஸ் போட்டு ஹேண்ட்பிரேக்கையும் சீட்டையும், 1, 3, 5 போட்டு டேஷ்போர்டையும் விரல் தொடுகிறதா பாருங்கள்.

ராடை வண்டியிலேயே வைத்து கேஸ் காட்டி வளைக்கும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், பேஸ் பிளாஸ்டிக் உருகும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால், கன்சோலைக் கழற்றும்முன் பேட்டரி நெகட்டிவை எடுத்து வையுங்கள். பல வண்டிகளில் அதன் மாட்யூல் கன்சோலுக்கு அடியில்தான் இருக்கும்.

இதையே வேறு வண்டிக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு: டஸ்டர் மாதிரி ரிவர்ஸுக்கு வளையம் தூக்கும் வண்டியில் இது சரிவராது. நாப் உயர்ந்தாலும் வளையம் கீழேயே நிற்கும்.

நெம்புகோல்:
நாப்: 350 முதல் 450 கிராம் வரை இருந்தா கியர் விழுறப்போ எடையே கொஞ்சம் தள்ளும். அதுக்கு மேல வேண்டாம், இன்ஜின் மவுண்ட் தளர்ந்த வண்டியில மேடுபள்ளத்துல கியர் வெளியே வர வாய்ப்பு. மொத்த ஸ்டீல் நாப் பார்க்க அழகு, மே மாச வெயில்ல வண்டி நின்னா கை வைக்க முடியாது. உள்ளே ஸ்டீல், வெளியே டெல்ரின் (கெட்டி பிளாஸ்டிக்) கடைஞ்சு வாங்குங்க. எது போட்டாலும் ஓட்டும்போது கையை நாப் மேலயே வச்சிருக்காதீங்க. கியர்பாக்ஸுக்குள்ள கியரை நகர்த்துற செலக்டர் ஃபோர்க் தேயும்.

வலதுகால்பிரேக்:
டெஸ்ட் பண்ணேன். ஆஃப்ல வெண்ணெய் மாதிரி விழுது. ஓடும்போதுதான் டைட், ரிவர்ஸ் கர்ருங்குது.

கிரீஸ்டப்பா:
அப்போ கிளட்ச். பெடலைக் கையால அழுத்தி ஃப்ரீ பிளே (கிளட்ச் பிடிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா இறங்குற தூரம்) அளங்க. மேனுவல்ல போட்ட அளவுக்குள்ள இருக்கணும். கூடுதலா இருந்தா கியர்பாக்ஸ் பக்க அட்ஜஸ்டர் நட்டை அரை அரை சுற்றா முறுக்குங்க. ஒரேயடியா ஃப்ரீ பிளேயே இல்லாம இறுக்கினா ரிலீஸ் பேரிங் எப்பவும் உரசிக்கிட்டே இருக்கும், பிளேட்டும் வழுக்கும். அளவு சரியா இருந்தும் கத்தினா கேபிள் உள்ளே இழை பிரிஞ்சிருக்கான்னு பாருங்க. அதுக்கெல்லாம் முன்னாடி, பெடலுக்கு அடியில கம்பெனி மேட் மேலயே தடிமனான 7டி மேட் போட்டிருந்தா எடுத்துட்டு ஒருதரம் ரிவர்ஸ் போட்டுப் பாருங்க. பெடல் கடைசி வரை இறங்காததே பாதி வண்டியில காரணம்.